கயிறு கட்டிய கப்பல்களும் பழுது பார்த்த கைகளும்

நமது கடற்கரை ஊர்களில் ‘மரக்காயர்’ என்னும் பெயரைக் கேட்டறியாத வீடு இராது. மரக்கலம் என்ற சொல்லின் வழியே அப்பெயர் வந்தது என்பதே பலரும் கொள்ளும் விளக்கம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று எந்த ஊரின் வரலாற்றை எடுத்தாலும், நம் முன்னோர் எந்தெந்தத் துறைகளுக்குச் சென்றனர், எவ்வெச் சரக்குகளை ஏற்றி இறக்கினர் என்ற செய்திகள் பெருமையோடு பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவையே. ஆயினும், அந்தக் கப்பல்களைக் கடலின் நடுவே கட்டிக் காத்து நின்ற கயிற்றையும் கப்பியையும் மரத்தையும் பற்றி நாம் பேசுவதில்லை. அவை தேய்ந்தபோது மாற்றியவர் யார், மாற்றாமல் விட்டபோது நேர்ந்தது என்ன என்ற கேள்விகளும் நமக்குள் எழுவதில்லை. ஒரு கப்பல் கரை சேர்ந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை அவைதாம்.

முதலில் கப்பலின் அமைப்பைச் சற்றே விளங்கிக்கொள்வோம். அரபுக் கடலில் ஓடிய பாய்மரக் கப்பலில், சற்று முன்புறம் சாய்ந்து நிற்கும் பாய்மரம் ஒன்று இருக்கும். பாயைத் தாங்குவது அந்த மரமன்று. அதன்மீது குறுக்காகத் தூக்கிக் கட்டப்படும் நீண்ட மரம். அதைக் கப்பல்காரர் பருமல் என்பர். பெரிய கப்பல்களில் இந்தப் பருமல் ஒற்றை மரமாக இருப்பதில்லை. இரண்டு மூன்று மரங்களை நுனியோடு அடி சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டி ஒன்றாக்குவர். இவ்வளவு கனத்தையும், அதில் கட்டிய பாயையும், அந்தப் பாயை உந்தும் காற்றின் விசையையும், மரத்தின் உச்சியிலுள்ள கப்பியின் வழியாக ஓடும் ஒரு பெருங்கயிறு தாங்க வேண்டும். பாய்மரம் சாய்ந்துவிடாதபடி பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகளும் உண்டு. இன்றைய படகுகளில் அவை ஒரே இடத்தில் நிலையாக நிற்கும். அக்காலக் கப்பலில் அவ்வாறில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்திற்கு அவற்றை அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும். கப்பலைத் திருப்பும்போது பருமலையும் பாயையும் மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும்.

அவிழ்த்தல், கட்டல், உரசல் என்பவை நாள்தோறும் நடப்பவை. ஆகவே கயிறு எங்கே தேயும் என்பது கப்பல்காரனுக்கு முன்கூட்டியே தெரியும். கப்பியின் உருளையின் மேல் வளையும் இடத்தில் தேயும். மரத்தோடு உரசும் இடத்தில் தேயும். முடிச்சு விழும் இடத்தில் புழுங்கி இற்றுப்போகும். வெளிப்பார்வைக்கு நல்ல கயிறாகத் தோன்றினாலும் பிரிகளை விரித்து உள்ளே பார்த்தால் தும்பு பொடிப்பொடியாக உதிரும். அனுபவமுள்ளவன் கயிற்றைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. முறுக்கைப் பிரித்து விரலால் தடவிப் பார்ப்பான்.

பழுது பார்க்கும் முறைகளும் எளியவையே. உரசும் இடத்தில் மெல்லிய கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அல்லது தோலைப் போர்த்தித் தைத்து விடலாம். ஒரே இடம் தேயாதிருக்கக் கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கோக்கலாம். அப்போது தேயாத பகுதி கப்பியின் மேல் வரும். நடுவில் இற்றிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டு, இரு முனைகளின் பிரிகளையும் விரித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பின்னி விடலாம். அவ்வாறு பின்னிய கயிறு கப்பிக்குள் தடையின்றி ஓடும்; முடிச்சுப் போட்ட கயிறோ சிக்கிக்கொள்ளும். பருமலில் விரிசல் கண்டால் பக்கத்தில் துணைமரம் வைத்து வரிந்து கட்டுவர். நனைத்த கயிற்றால் வரிவதே வழக்கம். அது காயும்போது கட்டு மேலும் இறுகும். இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. தேவையானவை நேரமும் கவனமும் மட்டுமே. அந்த நேரத்தைப் பருவக்காற்றே தந்தது. தென்மேற்குப் பருவம் கொந்தளிக்கும் மாதங்களில் மலபார்த் துறைகள் மூடப்பட்டன. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவம் அதையே செய்தது. கப்பல்கள் கரையேறிக் கிடந்த அந்த மாதங்கள்தாம் பழுது பார்க்கும் மாதங்கள்.

இனி, கயிறு பாயை மட்டுமா தாங்கியது? அந்தக் கப்பல்களின் உடலையே கயிறுதான் தைத்துப் பிடித்திருந்தது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னந்தும்புக் கயிற்றால் ஒன்றோடொன்று தைப்பர். இடுக்கை நார் கொண்டு அடைத்து, மேலே மீன் எண்ணெயோ குங்கிலியமோ பூசுவர். இந்த அடைப்பு வேலையை நமது கரையில் ‘கலப்பத்து’ என்கின்றனர். சென்னைக் கடற்கரையில் அலை மோதும் இடத்தைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகளும் இவ்வாறு தைக்கப்பட்டவையே. ஆணி அடித்த படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துபோகும். தைத்த படகோ சற்று நெகிழ்ந்து கொடுக்கும்.

நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பற்றி அல்குர்ஆனின் அல்கமர் அத்தியாயம் 13ஆம் வசனத்தில் பேசும்போது, பலகைகளோடு ‘துஸுர்’ என்ற சொல்லும் வருகிறது. பெரும்பான்மையான விரிவுரையாளர்கள் அதற்கு ஆணிகள் என்றே பொருள் கொண்டனர். ஆனால் அரபு அகராதிகளில் அதன் ஒருமைச் சொல்லுக்கு, கப்பற்பலகைகளைப் பிணைக்கும் ஈச்சநார்க் கயிறு என்ற பொருளும் பதிவாகியிருக்கிறது. இரண்டில் எது சரி என்று தீர்ப்பது நமது வேலையன்று. பலகையைப் பிணைப்பது என்றதும் ஒருவருக்கு ஆணியும் இன்னொருவருக்குக் கயிறும் நினைவுக்கு வரும் அளவுக்கு இரண்டு மரபுகளும் அரபு மொழிக்குள் வாழ்ந்திருக்கின்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மாலத்தீவிலிருந்தும் இலட்சத்தீவுகளிலிருந்தும் வந்தது. நம் வீட்டுச் சமையலறைக்கு மாசி வந்த அதே வழி. 1343ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்து அங்கே காஜியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா, கயிறு செய்யும் முறையை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். தேங்காய் மட்டையைக் கடலோரக் குழிகளில் ஊற வைப்பர். பின்பு அடித்துத் தும்பு எடுப்பர். பெண்கள் அதைத் திரிப்பர். அந்தக் கயிறு இந்தியாவுக்கும் யமனுக்கும் சீனத்துக்கும் சென்றது. சணலைவிட இது மேலானது என்பது அவர் கருத்து. ஏன் ஆணி அடிப்பதில்லை என்பதற்கும் அவர் காரணம் கூறுகிறார்: இந்தக் கடலில் பாறைகள் மிகுதி, இரும்பால் பிணைத்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் பிணைத்தது இளகிக் கொடுத்துத் தப்பும். தும்புக் கயிறு உப்பு நீரில் நெடுநாள் உழைக்கும். நன்னீரில் ஊறினால் விரைவில் மக்கும். மழைக்காலத்தில் கரையில் கிடக்கும் கப்பலுக்கு ஓலைக்கூரை வேய்ந்து காப்பதன் அருமை இதிலிருந்து விளங்கும்.

மார்க்கோ போலோவுக்கு இந்தக் கப்பல்கள் பிடிக்கவில்லை. ஹுர்முஸ் துறையில் அவற்றைக் கண்ட அவர், இவை மோசமானவை, புயலில் நிற்காதவை, பல மூழ்கிப் போகின்றன என்று எழுதி வைத்தார். ஐரோப்பிய நூல்கள் இதையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி, தைத்த கப்பல் என்பது ஏழையின் கப்பல், அறியாதவனின் கப்பல் என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டன. நம்மைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. தைத்த கப்பல் ஆண்டுதோறும் கவனிக்கப்பட்டால் அது நெடுநாள் உழைக்கும். கவனிக்காமல் விட்டால் அது ஆணி அடித்த கப்பலைவிட விரைவாகக் கொல்லும். அதன் பலமும் பலவீனமும் கயிற்றில் இல்லை. அதை வைத்திருந்தவனிடம் இருந்தன. இதற்கு நம்மிடம் கண்ணால் கண்ட சாட்சி ஒன்று உண்டு.

ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், 1183ஆம் ஆண்டின் கோடையில் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஐதாப் துறைக்கு வந்து சேர்ந்தார். சிலுவைப் போர்களால் வடக்கு வழி அபாயமாக இருந்த காலம் அது. எகிப்திலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ஹாஜிகள் நைல் நதி வழியே தெற்கே போய், பாலைவனம் கடந்து, இந்தத் துறையில்தான் ஜித்தாவுக்குக் கப்பல் ஏறினர். அங்கே ஓடிய ‘ஜிலாப்’ என்னும் கப்பல்களை அவர் கூர்ந்து நோக்கி விவரித்திருக்கிறார். ஓர் ஆணியும் இல்லை. தென்னந்தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. இடுக்குகளில் ஈச்சங்கட்டைச் சில்லுகளை அடைத்திருந்தனர். அதற்கு அவர் பயன்படுத்தும் சொல்லும் ‘துஸுர்’ என்பதே. பின்பு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர். சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். பாய்களோ ஒருவகைப் பனையோலையால் முடைந்தவை.

கப்பலைச் சொன்ன பிறகு கப்பற்காரரைச் சொல்கிறார். அந்தப் பகுதி நெஞ்சைச் சுடும். ஹாஜிகளைக் கூட்டில் அடைத்த கோழிகளைப் போல ஒருவர்மேல் ஒருவராக நெருக்கி ஏற்றினர். கப்பலின் முழு விலையையும் ஒரே பயணத்தில் எடுத்துவிட வேண்டும். அதன்பின் கப்பலுக்கு என்ன நேர்ந்தாலும் கவலையில்லை. பலகைகளுக்கு நாங்கள் பொறுப்பு, உயிர்களுக்கு ஹாஜிகளே பொறுப்பு என்ற கருத்தில் அவர்களிடையே ஒரு வழக்குமொழியே இருந்ததாம். அல்லாஹ்வின் விருந்தாளிகளை ஏற்றிச் செல்பவர்கள் இதை வெட்கமின்றிச் சொல்லிக்கொண்டனர்.

ஒரே பயணத்தில் விலையை எடுத்துவிட நினைப்பவன் கயிற்றை ஏன் மாற்றப்போகிறான்? கடலில் இறங்கியபின் இப்னு ஜுபைர் அதையே கண்டார். கப்பலின் சாதனங்கள் ஒழுங்கற்றுக் கிடந்தன. பாயை ஏற்றும்போதும், இறக்கும்போதும், நங்கூரத்தைத் தூக்கும்போதும் அவை மீண்டும் மீண்டும் சிக்கின, அறுந்தன. பவளப் பாறைகளுக்கு நடுவே கப்பல் நெளிந்து நெளிந்து சென்றது. அடிப்பகுதி பாறையில் உரசும் ஒலியும் கேட்டதுண்டு. நேர்மையாளராகிய அவர் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறார்: அந்தக் குறுகலான வழிகளில் கப்பலைச் செலுத்திய மாலுமிகளின் திறமை வியக்கத்தக்கதாக இருந்தது. ஒரு கப்பலில் திறமை இருக்கலாம், பராமரிப்பு இல்லாதிருக்கலாம். தேர்ந்த ஓட்டுநர் இற்ற கயிற்றோடு கடலில் இருந்தார். ஜூலை மாதத்தில் சுமார் ஒரு வாரம் அலைக்கழிந்து ஜித்தாவை அடைந்தனர். அடையாமல் போனவர்களின் பயணநூல் எதுவும் நம்மிடம் இல்லை.

இப்னு ஜுபைர் இதை விதியென்று விட்டுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ‘ஹிஸ்பா’ என்னும் மேற்பார்வை அதிகாரம் செலுத்தப்பட வேண்டிய ஊர்களில் ஐதாபே முதலாவது என்றும், அங்கே முஹ்தஸிபின் கையில் சாட்டைக்குப் பதிலாக வாள் இருக்க வேண்டும் என்றும் கடுமையாக எழுதினார். சட்டம் ஏற்கனவே இருந்தது. நமது கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரான அல்மாவர்தீ, ஐதாபின் இந்தக் காட்சிக்கு நூற்றாண்டுக்கும் முன்பு, 1058இல் மறைந்தவர். ஆட்சிமுறை பற்றிய தமது நூலில் முஹ்தஸிபின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், கப்பல் தாங்காத பாரத்தை ஏற்றுவதையும், கடுங்காற்றில் புறப்படுவதையும் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று வகுத்திருந்தார். சந்தையில் தராசையும் படியையும் சோதிப்பவரே துறைமுகத்தில் கப்பலையும் கவனிக்க வேண்டும். ஐதாபில் இல்லாதது சட்டமன்று, அதைச் செய்ய ஓர் ஆள்.

அதே இப்னு ஜுபைர் திரும்பி வரும் வழியில் வேறொரு காட்சியையும் கண்டார். 1184ஆம் ஆண்டு அக்டோபரில் அக்கா துறையிலிருந்து ஜெனோவாக்காரரின் பெருங்கப்பல் ஒன்றில் அவர் மத்தியதரைக் கடலில் சென்றுகொண்டிருந்தபோது, இரவில் காற்றடித்துப் பாய்மரங்களில் ஒன்று முறிந்தது. பாதி மரம் பாயோடு கடலில் விழுந்தது. மாலுமிகள் உடனே பெரும்பாயை இறக்கிக் கப்பலை நிறுத்தினர். சிறு படகில் சென்று, விழுந்த மரத்தையும் பாயையும் கடலிலிருந்து மீட்டு வந்தனர். முறிந்தாலும் அது மரம். நடுக்கடலில் வேறு மரம் கிடைக்காது.

நமது கரைக்கு அருகிலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து இலங்கைக்குச் சென்று, அங்கே ஆதம் மலையைத் தரிசித்தபின், 1344இல் மஅபர் என்று அரபுகள் அழைத்த நமது சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று வலுத்தது, தண்ணீர் உள்ளே புகும் நிலை. கப்பலில் வழியறிந்த தலைமை மாலுமி இல்லை என்பதை அவர் குறையாகவே குறிப்பிடுகிறார். பாறைகளை நெருங்கிச் சென்று, பின்பு ஆழமற்ற நீரில் கப்பல் மாட்டிக்கொண்டது. மக்கள் கையிலிருந்ததை எறிந்துவிட்டு ஒருவருக்கொருவர் விடை கூறிக்கொண்டனர். மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினர். மாலுமிகள் கட்டைகளைக் கட்டித் தெப்பம் ஒன்று செய்தனர். கரை இரண்டு பர்ஸக் தொலைவு. தம்முடன் வந்தவர்களை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்பகுதியிலேயே இரவைக் கழித்தார். காலையில் நமது கரையின் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியிடம் அவர் சென்று சேர்ந்தது இப்படித்தான்.

மரத்தை வெட்டுவது பழுதுபார்ப்பதன் கடைசி எல்லை. கயிற்றைச் சரிசெய்ய முடியாது என்றாகும்போது, நிற்கும் மரமே காற்றைப் பிடித்துக் கப்பலைக் கவிழ்க்கும் எதிரியாகிவிடுகிறது. அதை உரிய நேரத்தில் வெட்டத் துணிவதும் ஓர் அறிவு. ஆனால் அந்த நிலை வராதபடி பார்த்துக்கொள்வதற்கே கப்பலில் தனித்தனி ஆட்கள் இருந்தனர்.

அக்பர் பேரரசரின் ஆட்சியைப் பற்றி அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரியில் கப்பற்பணியாளரின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கும் தமிழ் முஸ்லிமுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நாகுதா, முஅல்லிம், தண்டேல், ஸர்ஹங், சுக்கான்கீர். கப்பலைச் செலுத்தும் வழியறிந்த ஆசானே முஅல்லிம். நமது ‘மாலுமி’ அந்த அரபுச் சொல்லின் வழி வந்ததென்பர். திசைதிருப்பும் ‘சுக்கான்’ அரபு மொழிச் சொல்லே. தூத்துக்குடித் தோணிகளின் தலைவரை நம் காலத்திலும் ‘தண்டல்’ என்றே அழைத்தனர். ‘சரங்கு’ என்ற சொல்லைத் துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் அறியும். பட்டியலின் மேற்பகுதியில் உள்ளவர்களைவிட அடியில் இருப்பவர்களே நமது பொருளுக்கு நெருக்கமானவர்கள். கசிந்து உட்புகும் நீரை இறைத்துக் கொட்டுவதற்கென்றே ஒருவகைப் பணியாளர் இருந்தனர். பாயை விரிப்பதும் சுருட்டுவதும் ‘கார்வா’ எனப்பட்ட சாதாரண மாலுமிகளின் வேலை. அவர்களுள் சிலர் முக்குளிப்பவர்கள். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் நீருக்குள் மூழ்கி ஓட்டையை அடைப்பதும், பாறையில் சிக்கிய நங்கூரத்தை விடுவிப்பதும் அவர்கள் பொறுப்பு. பட்டியலில் கடைசியாக வரும் இவர்களே கப்பலைக் காத்தவர்கள். அவர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

ஓட்டை என்றதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. வெள்ளிக்கிழமை தோறும் நம் வீடுகளில் ஓதப்படும் அத்தியாயம் அது. மூஸா (அலை) அவர்களோடு சென்ற ஹிள்ரு (அலை) அவர்கள், கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் கப்பலில் பழுது உண்டாக்கினார்கள். நல்ல கப்பல்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் முன்னால் இருந்தான் என்ற காரணம் பின்னர் விளக்கப்படுகிறது. அதன்பின் அந்தக் கப்பல் என்னவாயிற்று? ஸஹீஹுல் புகாரியில் வரும் அறிவிப்பு ஒன்றில் அதற்கும் விடை உண்டு: அரசனைக் கடந்ததும் அதன் உரிமையாளர்கள் அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்திக்கொண்டனர். எதைக் கொண்டு அடைத்தனர் என்பதில் இரு கருத்துகள் கூறப்படுகின்றன. சிலர் தார் என்றனர். சிலர் கண்ணாடிக் குப்பி என்றனர். ஏழைகளின் கப்பல் ஆகையால் கைக்கு எட்டியதைக் கொண்டு அடைத்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகை அவர்களைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன கதை பலருக்கும் தெரியும். முடி திருத்திக்கொண்டிருந்த வேளையில் கையிலிருந்த கண்ணாடியை அவர்கள் எறிய, தூரத்துக் கடலில் மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையை அது போய் அடைத்தது என்பது அக்கதை. இதை வரலாறாக நாம் இங்கே முன்வைக்கவில்லை. ஏற்போரும் மறுப்போரும் நம் வாசகர்களில் இருக்கின்றனர். ஆனால் எந்த ஊரில் இப்படி ஒரு கதை நிலைக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கணவனும் மகனும் கடலில் இருக்க, கப்பலில் நீர் புகுந்த செய்தி எப்போது வருமோ என்று காத்திருந்த பெண்கள் வாழ்ந்த ஊரில்தான். அந்தப் பெண்களின் அச்சத்துக்கு வடிவம் தந்தது, கப்பலின் அடியில் விழுந்த ஓர் ஓட்டை.

அறிஞர்களுள் கடலை அறிந்த கடலோடி ஒருவரின் சொல்லையும் பார்ப்போம். இன்றைய ராஸல் கைமாவாகிய ஜுல்ஃபாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித், 1490ஆம் ஆண்டளவில் கடற்கலை பற்றிய தமது பெருநூலை எழுதி முடித்தார். விண்மீன்களைக் கொண்டு வழியறியும் முறைகளுக்கே அந்நூல் புகழ் பெற்றது. ஆனால் முஅல்லிமின் கடமைகளைச் சொல்லும்போது அவர் விண்ணிலிருந்து இறங்கிக் கப்பலுக்கு வருகிறார். கப்பல் கரையில் இருக்கும்போதே அதன் குறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் சாதனங்களையும் ஆட்களையும் நோட்டமிட வேண்டும் என்பது அவர் அறிவுரையின் சாரம். ஆண்டுகள் பல கடலில் கழித்தவர் அவர். நட்சத்திரம் தவறாது, கயிறுதான் தவறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

போர்த்துகீசியர் வருகையை ஒட்டிய காலத்தில் இந்தியப் பெருங்கடலின் பெரிய கப்பல்களில் ஆணி பரவத் தொடங்கியது. பீரங்கியைச் சுமக்கும் கப்பலுக்கு நெகிழும் உடல் உதவாது என்பது காரணங்களுள் ஒன்று. உடலில் ஆணி ஏறியபோதும் பாயையும் மரத்தையும் தாங்கியது கயிறே. நீராவிக் கப்பலும், பின்னர் விசைப்பொறியும் வந்தபோதுதான் அந்த அறிவு உண்மையாகவே கரைந்துபோகத் தொடங்கியது. பருமலை வரிந்து கட்டத் தெரிந்தவர் மகனுக்கு அதைக் கற்பிக்க அவசியமில்லாமல் போயிற்று.

எவ்வளவு கரைந்துபோயிற்று என்பதை ஓர் ஐரோப்பியரின் முயற்சி காட்டியது. டிம் செவரின் என்னும் பயண எழுத்தாளர், சிந்துபாத் கதைகளின் கடல்வழியைச் சோதிக்க விரும்பி, ஓமான் சுல்தான் காபூஸின் ஆதரவோடு ஸூர் நகரில் ‘ஸோஹார்’ என்ற கப்பலைக் கட்டுவித்தார். ஆணியில்லாத கப்பல். மரம் மலபாரிலிருந்து வந்தது. கப்பல் கட்டும் மரபுக்குப் பெயர்பெற்ற ஓமானிலேயே பெருங்கப்பலைத் தைக்கத் தெரிந்தவர் கிடைக்காமையால், இலட்சத்தீவுகளிலிருந்து ஆட்களை அழைத்துச் சென்றார். இயந்திரத்தில் முறுக்கிய கயிறு உதவவில்லை. மட்டையை உப்புநீரில் ஊற வைத்துக் கையால் அடித்துத் திரித்ததே தேவைப்பட்டது. சுமார் 640 கிலோமீட்டர் நீளக் கயிறு அந்த ஒரு கப்பலுக்குச் செலவாயிற்று. 1980 நவம்பரில் புறப்பட்ட ஸோஹார், 1981 ஜூலையில் சீனத்தின் குவாங்சோவை அடைந்தது. அந்தப் பயணத்தில் இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடைப்பட்ட கடலில், தைத்த பலகைகள் உறுதியாக நிற்க, பெரும்பருமல் முறிந்தது. எஞ்சிய மரத்தைக் கொண்டே பாயைச் சிறிதாக்கிக் கட்டிப் பயணத்தைத் தொடர்ந்தனர். தண்ணீர் குறைந்தபோது மழைநீரைப் பாய்களில் ஏந்திப் பிடித்தனர்.

முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஓமானியர் மீண்டும் ஒரு கப்பலைத் தைத்தனர். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மீனவர்கள் கண்டெடுத்த, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலின் சிதைவை முன்மாதிரியாகக் கொண்டது அது. சுமார் 60,000 சீனப் பீங்கான்களோடு மூழ்கிய அந்தப் பழங்கப்பலும் கயிற்றால் தைக்கப்பட்டதே. ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்ட புதிய கப்பல், கேப்டன் ஸாலிஹ் அல்ஜாபிரியின் தலைமையில் 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டது. கொச்சி வழியாக இலங்கையின் காலித் துறையை அடைந்தபோது பாய்மரத்தில் விரிசல் கண்டனர். எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க அவர்கள் முற்படவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் அந்தக் கோட்டை நகரில் கப்பலை நிறுத்தி, இலங்கையிலேயே மரம் தேடி, இரண்டு பாய்மரங்களையும் மாற்றினர். கயிறுகளை மீண்டும் கட்டினர். பயணம் அதனால் தாமதப்பட்டது. வங்கக் கடலைக் கடந்து பினாங்குக்கும், அங்கிருந்து ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூருக்கும் அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்தது.